‘மாடு கட்டோணும்’ என்று அந்த அம்மா ஏன் சொன்னார்?

கேள்வி:

மதிப்புக்குரிய சிஸ்டருக்கு,

நான் அம்பாறை மாவட்டத்தின் கரையோர வைத்தியசாலை ஒன்றில், பெண்கள் மருத்துவ வாட்டில் வேலை செய்யும் தாதிய உத்தியோகத்தர். சேவைக்கு வந்து நாலு வருசம். இரண்டு மாதத்துக்கு முன் 78 வயது அம்மா ஒருவரைக் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். மறதி வருத்தம் நாலைந்து வருசமாக இருக்கிறதாம். இரவானதும் “மாடு கட்டோணும், என்னை விடுங்க” என்று ஒரே சத்தம். கட்டிலால் இறங்க வெளிக்கிட்டார், சேலைனைப் பிடுங்கினார். வாட்டில் 46 பேர். நாங்கள் இரண்டு பேர். டொக்டர் எழுதித் தந்த புரோமெதசீன் ஊசி போட்டும் அடங்கவில்லை. கடைசியில் பண்டேஜ் துணியால் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டினேன்.

காலையில் மகள் வந்தார். ஒன்றும் பேசவில்லை. முடிச்சை அவிழ்த்துவிட்டு அம்மாவின் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டொக்டர் பார்த்து, சலப்பை நிறைந்திருக்கிறது என்று குழாய் போடச் சொன்னார். 900 மில்லி வந்தது. மாடெல்லாம் விற்றுப் பத்து வருசம், கக்கூசுக்குப் போகிற வழியில் கொட்டில் மட்டும் இன்னும் நிற்கிறது என்று மகள் சொன்னார். ஒன்பதாம் நாள் துண்டு வெட்டி அனுப்பினோம். இப்போது மாதாமாதம் வியாழக்கிழமை கிளினிக்குக்கு வருகிறார்கள். அந்த மகளின் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. கையைக் கட்டுவது எங்கள் வாட்டில் வழமையான விசயம். மூத்தவர்களிடம் கேட்டால் “ஆள் இல்லாம என்ன செய்யிற?” என்கிறார்கள். ஒரு ஜூனியரால் இதை மாற்ற ஏலுமா?

பதில்:

அன்பு மகளுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரம்தான் ஒன்று பிடிபட்டது. சலப்பையில் 900 மில்லி இருந்ததை ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். கக்கூசுக்குப் போகிற வழியில் கொட்டில் நிற்கிறது என்பதை அடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அந்த அம்மா இத்தனை வருசமாக இரவில் சலம் கழிக்க எழும்பும்போதெல்லாம் என்ன செய்திருப்பார்? பின்கதவைத் திறந்து, கொட்டிலடியால் நடந்து, மாட்டின் கயிற்றை ஒருக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கால போயிருப்பார். ‘சலம்’ என்ற சொல் அவருக்குத் தொலைந்துவிட்டது. போகிற பாதை தொலையவில்லை. அந்தப் பாதையைத்தான் இரவு முழுக்க உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

இதைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. நானும் கட்டியவள்தான். சேவைக்கு வந்து மூன்றாம் வருசம், ஆண்கள் வாட்டில் இரவு வேலை. வயல் வேலை செய்து காய்த்துப்போன கை அந்த அப்பாவுக்கு. மூக்கால் போட்ட குழாயைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். கட்டினேன். மூன்றாம் நாள் செத்துப்போனார். உடம்பை எடுக்க வந்த அவருடைய மனைவி மணிக்கட்டில் இருந்த சிவந்த கோட்டைத் தடவி, “இது என்ன மகள்?” என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. 34 வருசம் வேலை செய்து, அதில் கடைசிப் பன்னிரண்டு வருசம் தாதிய மாணவிகளுக்குப் படிப்பித்து, ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது. ஆகவே உங்களுக்கு எழுதுவதை ஆற அமர எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றி ஒன்று. அந்த இரவு நீங்கள் பார்த்தது மறதி நோயை மட்டும் அல்ல. அதற்கு மேலே இன்னொன்று ஏறியிருந்தது. நம் ஊர்க் கிழவிகள் ‘சன்னி கண்டிட்டு’ என்பார்களே, அதுதான். பாடப்புத்தகத்தில் டெலிரியம் என்று படித்திருப்பீர்கள். மறதி நோய் வருசக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. சன்னி சில மணித்தியாலத்தில், சில நாளில் வரும். காலையில் தெளிவு, பொழுதுபட்டால் குழப்பம் என்று ஏறி இறங்கும். மறதி உள்ளவர்களைத்தான் அது அதிகம் பிடிக்கும். பெரும்பாலும் அதற்குத் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய காரணம் இருக்கும்: சலத் தொற்று, நெஞ்சுச் சளி, மலச்சிக்கல், அடைபட்ட சலம், வலி, உடம்பில் நீர் காய்ந்துபோனது, சோடியம் குறைந்தது, சீனி இறங்கியது, நாம் கொடுத்த மருந்து.

நாம் கொடுத்த மருந்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். புரோமெதசீன், குளோர்பெனிரமீன், அமிட்ரிப்டிலின், பென்செக்சோல் போன்றவை வயதானவர்களின் புத்தியை இன்னும் கலக்கும், மலத்தை இறுக்கும், சலத்தை அடைக்கும். அடங்கட்டும் என்று போட்ட ஊசியே அந்த 900 மில்லிக்கு ஒரு பங்கு காரணமாக இருந்திருக்கலாம். ஹலோபெரிடோல் போன்ற, மனநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளும் அப்படித்தான் கவனமாகப் பார்க்க வேண்டியவை. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இந்த வகையின் புதிய மருந்துகளால் சாவு ஏறத்தாழ 1.6 முதல் 1.7 மடங்காகக் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005 இலேயே எச்சரித்தது; 2008 இல் ஹலோபெரிடோல் போன்ற பழையவற்றையும் அந்த எச்சரிக்கையில் சேர்த்தது. மூளையில் லூவி பொடி (Lewy body) என்ற புரதம் படிந்து வரும் வகை மறதி என்றால் ஒரு சிறு அளவே ஆளை மரக்கட்டை போல் ஆக்கிவிடும். ஒருபோதும் கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. தனக்கோ மற்றவருக்கோ உண்மையான ஆபத்து இருந்து, வேறு எதற்கும் வழிக்கு வராதபோது, மிகக் குறைந்த அளவில், குறைந்த நாளைக்கு என்று டொக்டர் எழுதலாம். “சத்தம் போடுறார், ஏதாவது எழுதித் தாங்க” என்று இரவு டியூட்டி டொக்டரைக் கூப்பிடுகிறோமே, அந்தக் கூப்பிடுதலை மாற்றலாம். “இவருக்குப் பின்னேரத்தில் இருந்து புதுசாக் குழப்பம், வயிற்றின் அடிப்பக்கம் பொம்மி இருக்கு, காலையில இருந்து சலம் போகல்ல, வந்து பாருங்க” என்று கூப்பிடுங்கள். அதே தொலைபேசி, அதே அரை நிமிடம்.

சன்னியைக் கண்டுபிடிக்க நாலு-ஏ-டி (4AT) என்றொரு சிறு பரிசோதனை இருக்கிறது. இரண்டு நிமிடம் போதும். ஆள் விழிப்பாக இருக்கிறாரா, வயதும் பிறந்த திகதியும் இடமும் வருசமும் சொல்கிறாரா, மாதங்களைப் பின்னோக்கிச் சொல்கிறாரா, இந்த நிலை திடீரென்று வந்ததா என்று நாலு விசயம். 4 புள்ளியோ அதற்கு மேலோ என்றால் சன்னி இருக்கலாம். பள்ளிக்கூடம் போகாத நம் அம்மாமாருக்கு மாதத்தைப் பின்னோக்கிச் சொல்வது எந்தக் காலத்திலும் ஏலாது. பிறந்த திகதி தெரியாது, ‘சூறாவளி அடிச்ச வருசம் மூத்தவளுக்கு மூண்டு வயசு’ என்றுதான் கணக்கு. அதனால் பயன்படாது என்று ஒதுக்க வேண்டாம். நாலாவது கேள்விக்கு ‘ஓம், திடீரென்றுதான்’ என்ற அந்த ஒரு பதிலுக்கே 4 புள்ளி கிடைத்துவிடும். அந்தப் பதில் மகளிடம் இருக்கிறது. “அம்மா வீட்டில இப்படியா இருப்பாங்க, போன கிழமை எப்படி இருந்தாங்க?” அவ்வளவுதான் கேட்க வேண்டியது. சத்தமே போடாமல் சுருண்டு கிடக்கும் சன்னியும் உண்டு. ‘நல்ல நோயாளி, கரைச்சல் இல்லை’ என்று நாம் கடந்து போகிற கட்டிலில் அது இருக்கும். அதை மறக்காதீர்கள், அதுதான் கூடுதல் ஆபத்து.

அடுத்தது ‘அறளை’, வயதாகிப் புத்தி தடுமாறியவர்களுக்கு நாம் ஒட்டுகிற சொல். ‘கட்டில் 12 அறளை பேந்த கேஸ்’ என்று கடமை மாறும்போது சொல்வோம். பிரித்தானியாவில் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த டொம் கிட்வுட் என்பவர் மறதி நோயாளர்களைப் பராமரிக்கும் இடங்களில் வருசக்கணக்கில் உட்கார்ந்து கவனித்தார். தலைக்கு மேலால் பேசுவது, பிள்ளைக்குப் பேசுவது போல் பேசுவது, ஆளால் பிடிக்க முடியாத வேகத்தில் வேலையை முடிப்பது, பேர் ஒட்டுவது, கூப்பிட்டால் கேளாதது போல் போவது என்று அவர் குறித்துவைத்தவற்றை வாசித்தபோது என் வாட்டைப் பார்த்து எழுதியது போல இருந்தது. இவற்றைச் செய்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல, பெரும்பாலும் அன்பானவர்களே இதைச் செய்கிறார்கள் என்றும் சொன்னார். அது எனக்குப் பெரிய ஆறுதல். ஏனென்றால் கெட்டவர்களைத் திருத்துவது கஷ்டம், பழக்கத்தைத் திருத்தலாம். அறளை என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அந்த ஆள் சொல்வது எதுவும் நம் காதில் ஏறாது. அந்தச் சொல்லை வாட்டில் பாவிக்காமல் விடுவதில் இருந்து தொடங்கலாம். செலவில்லை, சுற்றறிக்கை தேவையில்லை. ‘கட்டில் 12, இன்ன அம்மா, மறதி நோய் இருக்கு, சன்னி வந்திருக்கு, காரணம் தேடுறம்’ என்று நீங்கள் சொல்லுங்கள். இரண்டு மாதத்தில் பக்கத்தில் நிற்பவரும் அப்படிச் சொல்வார். நான் கண்டிருக்கிறேன்.

வலி பற்றியும் சொல்ல வேண்டும், இது நாம் அதிகம் தவறவிடுவது. நியூயோர்க்கில் செய்த ஓர் ஆய்வு 2000 ஆம் ஆண்டு வெளிவந்தது. இடுப்பெலும்பு முறிந்து சேர்ந்தவர்களில், முற்றிய மறதி நோய் உள்ளவர்களுக்குக் கிடைத்த மோர்பின் அளவு, புத்தி தெளிவானவர்களுக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒன்றுதான். எலும்பு ஒரே மாதிரித்தான் முறிந்தது. கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைத்தது, கேட்கத் தெரியாதவருக்குக் கிடைக்கவில்லை. பெயினாட் என்ற அளவுகோலில் மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், தேற்றினால் ஆறுகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து 10க்குப் புள்ளி போடுவார்கள். அச்சடித்த தாள் இல்லாவிட்டாலும் அந்த ஐந்தும் உங்கள் கண்ணில் இருக்கட்டும். புரட்டும்போது அடிக்க வருகிற ஆள் பெரும்பாலும் நோவால் அடிக்கிறார். சலத்தையும் மலத்தையும் வலியையும் தாகத்தையும் பார்த்த பிறகுதான் மற்ற யோசனை.

இனி உங்கள் வாட்டுக்கு வருவோம். 46 பேருக்கு இரண்டு பேர் என்பது சாட்டு அல்ல, உண்மை. உங்கள் மூத்தவர்கள் பொய் சொல்லவில்லை. ஆள் கூட்டித் தா என்று கேட்பது நியாயம், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அந்த இரவைக் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். எத்தனை தரம் கனூலா திரும்பப் போட்டீர்கள்? எத்தனை தரம் ஓடினீர்கள்? டொக்டரை எத்தனை தரம் கூப்பிட்டீர்கள்? பக்கத்துக் கட்டில்காரர்கள் எத்தனை பேர் நித்திரை கெட்டார்கள்? ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தவருக்குப் பிட்டத்தில் புண் வந்திருந்தால் அதைத் துடைத்து மருந்து கட்டுவதும் நீங்கள்தான். கட்டினால் வேலை குறையும் என்பது என் அனுபவத்தில் சரிவரவில்லை. கட்டினவர்கள் விழாமல் இருப்பதும் இல்லை. முறுகி, கம்பிக்கு மேலால் ஏறி, இன்னும் உயரத்தில் இருந்து விழுகிறார்கள்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஷரன் இனோயி என்ற வைத்தியரின் குழு 1999 இல் வெளியிட்ட ஆய்வில் 70 வயதும் அதற்கு மேலுமான 852 பேர் இருந்தார்கள். ஒரு பகுதிக்கு வழமையான பராமரிப்பு. மற்றப் பகுதிக்கு வேறென்ன பெரிதாய்ச் செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஆளை இடத்துக்கும் நேரத்துக்கும் கொண்டுவரும் பேச்சு, எழுப்பி நடத்துதல், கண்ணாடியும் செவிட்டு மெசினும் போட்டுவிடுதல், தண்ணீர் குடிக்கக் கொடுத்தல், இரவில் குளிசைக்குப் பதிலாகச் சூடான பானமும் முதுகு தடவலும் அமைதியும். வழமையான பகுதியில் 15 வீதம் பேருக்குச் சன்னி வந்தது. இந்தப் பகுதியில் 9.9 வீதம். அதில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் பயிற்றப்பட்ட தொண்டர்கள். நமக்குத் தொண்டர்கள் வெளியில் நிற்கிறார்கள், மகள். கேற்றுக்கு வெளியில், சாப்பாட்டுக் கூடையோடு, பார்வையாளர் நேரத்துக்காக.

இதை எழுதும்போது எனக்கு மனது பொங்குகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2014 இல் பிரித்தானியாவில் ஜோன் ஜெராட் என்ற வைத்தியர், மறதி நோயோடு வீட்டில் ஓரளவு நன்றாக இருந்தவர், காலில் புண் என்று வைத்தியசாலையில் சேர்ந்தார். ஐந்து கிழமை. தொற்று ஒன்று பரவியதால் குடும்பத்தவரை அதிகம் உள்ளே விடவில்லை. வெளியே வந்தபோது நடக்கவும் பேசவும் முடியாதவராக வந்தார். அந்த வருசம் நவம்பரில் இறந்துபோனார். அவருடைய மகள் நிக்கி ஜெராட்டும் சினேகிதி ஜூலியா ஜோன்சும் மறதி நோயாளரோடு குடும்பத்தவர் தங்கும் உரிமைக்காக அவருடைய பெயரிலேயே ஓர் இயக்கம் தொடங்கினார்கள். குடும்பம் சிதறி வாழும் நாட்டில் அதைப் போராடிப் பெற வேண்டியிருந்தது. இங்கே மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒருவர் வாட்டில் கிடந்தால் மகள், மருமகள், பேத்தி, பக்கத்து வீட்டு மாமி என்று முறை வைத்து நிற்க ஆயத்தமாக இருக்கிறார்கள். நாம் நேரம் முடிந்தது என்று மணி அடித்து அனுப்பிவிட்டு, அனுப்பிய பிறகு தனியாகக் கத்துகிறவரின் கையைக் கட்டுகிறோம்.

ஆகவே செய்யச் சொல்கிற முதல் பெரிய வேலை: மறதி நோய் உள்ளவர் என்றால் துணைக்கு ஒருவர் இரவும் நிற்க அனுமதி. உங்கள் வாட்டில் அதற்குத் துண்டு கொடுக்கும் முறை எப்படியும் இருக்கும். பெரும்பாலும் ‘சீரியஸ்’ என்றால் மட்டும் கொடுப்போம். இதுவும் சீரியஸ் என்று வாட் சிஸ்டரிடமும் பொறுப்பு வைத்தியரிடமும் நேரே கேளுங்கள். நிற்க வருபவருக்கு இருக்க ஒரு கதிரை வேண்டும், என்ன செய்யலாம் செய்யக் கூடாது என்று இரண்டு நிமிடம் சொல்லிக்கொடுக்க வேண்டும்: நிமிர்த்தி இருத்தித்தான் பருக்க வேணும், படுத்த வாக்கில் ஒரு முழுங்குத் தண்ணியும் வேண்டாம், இருமினால் நிப்பாட்டிச் சொல்லுங்க, தனிய இறக்க வேண்டாம் எங்களைக் கூப்பிடுங்க. நம் வேலையை அவர்கள் தலையில் கட்டிவிடவும் கூடாது. வருத்தக்காரரை விட அந்த மகள் களைத்துப்போயிருப்பார். “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று ஒரு தரம் கேளுங்கள்.

இரண்டாவது, ஒரு தாள். பிரித்தானியாவில் அல்சைமர் சங்கம் ‘இது நான்’ என்ற பெயரில் ஒரு படிவத்தை வைத்தியசாலைகளுக்குக் கொடுக்கிறது. அதைத் தமிழாக்கத் தேவையில்லை, நம்முடைய கேள்விகளை நாமே எழுதலாம். வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள். ‘அம்மா’ என்றா, ‘பெத்தா’ என்றா, ‘மூத்தம்மா’ என்றா? என்ன வேலை செய்தவர்? இரவில் எத்தனை மணிக்கு எழும்புவார், எழும்பினால் எங்கே போவார்? கட்டிலா பாயா? பாயில் படுத்தே வாழ்ந்தவருக்கு வாட் கட்டில் ஒரு பரண் மாதிரி, இறங்கத்தான் பார்ப்பார். வெத்திலை போடுவாரா? சோறு குழைத்துக் கொடுத்தால் சாப்பிடுவாரா, கையில் எடுத்துத்தான் சாப்பிடுவாரா? எதற்குப் பயப்படுவார்? எதைச் சொன்னால் முகம் மலரும்? வலித்தால் எப்படிக் காட்டுவார்? பத்துக் கேள்விக்கு மேல் வேண்டாம், மகளோ மகனோ நிரப்பட்டும், கட்டில் தலைமாட்டு டிக்கட்டோடு குத்திவிடுங்கள். ஐந்து எஸ் (5S) என்ற ஒழுங்குபடுத்தும் முறையில் அலமாரி, தட்டு, வாளி எல்லாவற்றுக்கும் பெயர் ஒட்டி நம் வைத்தியசாலைகள் பரிசு வாங்கியிருக்கின்றன. பொருள் எங்கே இருக்கிறது என்பதை அவ்வளவு அழகாக எழுதப் பழகிய நமக்கு, ஆள் யார் என்று எழுதவும் முடியும். அந்த இரவில் ‘எழும்பினால் கொட்டிலடியால் கக்கூசுக்குப் போவார்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் நீங்கள் பெட்பானை எடுத்துக்கொண்டு போயிருப்பீர்கள்; சலம் போகவில்லை என்பதை ஐந்து மணித்தியாலம் முன்னதாகக் கண்டிருப்பீர்கள்.

‘எதற்குப் பயப்படுவார்’ என்ற கேள்வியை நம் மாவட்டங்களில் விடவே கூடாது. மறதி நோயில் கிட்டடியில் நடந்தது முதலில் போகும், பழையது நிற்கும். எண்பதை நெருங்குகிறவர்களுக்கு 1978 நவம்பர் 23 சூறாவளி நிற்கிறது. 1990 இன் சண்டை நிற்கிறது. 2004 மார்கழி 26 சுனாமி நிற்கிறது. நான் பொறுப்பாக இருந்த வாட்டில் ஓர் அம்மா, பகல் முழுக்கப் பேசாமல் இருப்பவர், இரவு பத்து மணிக்குக் காவலாளி டோர்ச் அடித்துக்கொண்டு உள்ளே வரும்போது மட்டும் கட்டிலுக்குக் கீழே போய்விடுவார். ‘சரியான முரண்டு’ என்று எழுதி வைத்திருந்தோம். மருமகள் சொல்லித்தான் தெரிந்தது, அவருடைய இரண்டு பெடியன்களை இரவில் வந்து கூட்டிக்கொண்டு போனவர்களும் அப்படித்தான் டோர்ச் அடித்துக்கொண்டு வந்தார்களாம், பிள்ளைகள் திரும்பவில்லையாம். அதற்குப் பிறகு காவலாளித் தம்பி வாசலிலேயே டோர்ச்சை அணைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். நாங்கள் அவருக்கு உத்தரவு போடவில்லை. கதையைச் சொன்னோம், அவராகச் செய்தார். அப்படிப்பட்ட ஒருவரின் கையைக் கட்டுவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

சிற்றூழியர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், உண்மையில் வருத்தக்காரரோடு அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்தான். கட்டில் கம்பியில் இரவும் பகலும் தட்டிக்கொண்டே இருந்த ஒரு அப்பப்பா, சாப்பாட்டை வாயில் வாங்கமாட்டார். வாட்டைக் கூட்டுகிற அக்கா ஒருத்தி நின்று கேட்டுவிட்டு, “சிஸ்டர், இது சும்மா தட்டல்ல, தாளக்கட்டு” என்றார். விசாரித்தால் அவர் வடமோடிக் கூத்து ஆட்டிவைத்த அண்ணாவியார். அந்த அக்கா பக்கத்தில் நின்று விளக்குமாற்றுக் கட்டையில் அதே தாளத்தைத் தட்டினார். அப்பப்பா நிறுத்தி, அக்காவைப் பார்த்து, தலையாட்டினார். அன்றைக்குப் பாதிக் கோப்பை கஞ்சி உள்ளே போனது. என் 34 வருசத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த தாதிமை வேலைகளில் அதுவும் ஒன்று. செய்தவர் தாதி அல்ல.

உங்கள் மாவட்டத்தில் இன்னொரு விசயம் உண்டு, மொழி. பின்னாளில் கற்ற மொழி மறதி நோயில் பலருக்கு முதலில் நழுவும். நாற்பது வருசம் சந்தையில் சிங்களம் பேசிய தமிழ் ஐயாவுக்குக் கடைசியில் தமிழ் மட்டும் மிஞ்சும். இங்கே தமிழ் பேசிப் பழகிய சிங்கள ஆச்சிக்குச் சிங்களம் மட்டும். வத்துர என்றால் தண்ணி, ரிதெனவா என்றால் நோகுது, கெதர என்றால் வீடு. இப்படிப் பத்துச் சொல் இரண்டு மொழியிலும் தமிழ் எழுத்திலும் சிங்கள எழுத்திலும் எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வையுங்கள். முஸ்லிம் உம்மாமார் விடியப்புறம் எழும்பிக் கையைத் தேய்த்தால் சேலைனைப் பிடுங்க வருகிறார் என்று எண்ண வேண்டாம். சுபஹுத் தொழுகைக்கு ஒளூச் செய்ய, அதாவது கைகால் முகம் கழுவ, தேடுகிறார். ஒரு கோப்பைத் தண்ணீரும் தலைக்கு முக்காடும் கொடுத்தால் அமர்ந்துவிடுவார். முக்காடு இல்லாமல், ஆண்கள் போய்வருகிற இடத்தில் உடம்பு துடைக்கப் போனால் எந்த உம்மாவும் அம்மாவும் கையைத் தட்டத்தான் செய்வார்கள்.

அதே இரவு திரும்ப வந்தால், துணைக்கும் ஒருவர் இல்லை என்றால்? கட்டிலை உங்கள் மேசைக்குப் பக்கத்தில் இழுங்கள். எவ்வளவு இறக்கலாமோ இறக்கி, சில்லைப் பூட்டுங்கள். சலம், மலம், வலி, தாகம், சீனி பாருங்கள். நேரே கண் மட்டத்துக்குக் குனிந்து, பேரைச் சொல்லி, கையைப் பிடியுங்கள். மாடு என்றால் “மாடு இல்லை, இது ஆசுப்பத்திரி” என்று வாதாட வேண்டாம், “எத்தனை மாடு அம்மா, சிவலையா கறுப்பியா?” என்று கேட்டுக்கொண்டே கக்கூசுக்குக் கூட்டிப் போங்கள். பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குப் போன் எடுத்து மகளின் குரலைக் காதில் வையுங்கள். சேலைன் இரவு முழுக்கக் கட்டாயம் ஓட வேண்டுமா, வாயால் குடிக்கிறாரே, நிறுத்தலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். ஓட வேண்டும் என்றால் கனூலாவை முழங்கைப் பக்கம் துணியால் சுற்றிக் கண்ணுக்கு மறைத்துவிடுங்கள். சலக் குழாய் போட்டிருந்தால் என்றைக்கு எடுக்கலாம் என்று ஒவ்வொரு நாள் ரவுண்டிலும் கேளுங்கள். அதுவும் ஒரு கட்டுத்தான். இத்தனைக்குப் பிறகும் அடங்காத இரவுகள் உண்டு, அதையும் மறைக்க விரும்பவில்லை. அப்படி ஒரு இரவில் நீங்கள் அழலாம், கட்டாமல் விடிய வைத்ததே பெரிது.

ஜூனியரால் ஏலுமா என்று கேட்டீர்கள். வாட் முழுவதையும் மாற்ற வெளிக்கிட வேண்டாம். ஒரு கொப்பி எடுங்கள். ஒரு மாதத்துக்குள் எத்தனை பேரின் கை கட்டப்பட்டது, எத்தனை மணித்தியாலம், ஏன், அவருக்குப் பிறகு என்ன காரணம் கண்டுபிடித்தார்கள், விழுந்தாரா, புண் வந்ததா என்று குறியுங்கள். கட்டியவர் யார் என்று எழுத வேண்டாம். எழுதினால் அன்றைக்கே கொப்பி செத்துவிடும். மாத முடிவில் வாட் சிஸ்டரிடம் தனியாகக் காட்டுங்கள், மற்றவர்களுக்கு முன்னால் அல்ல. பிறகு அவரோடு சேர்ந்தே கன்சல்டனிடமும் தர முகாமைத்துவப் பிரிவிடமும் போங்கள். உங்கள் பெயரில் போக வேண்டாம், வாட்டின் பெயரில் போகட்டும். மனநலப் பிரிவு வைத்தியரையும் கேளுங்கள், பின்னேரம் ஒரு மணித்தியாலம் வந்து பேசச் சொன்னால் வருவார்கள். துண்டு வெட்டும்போது குடும்பத்துக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுங்கள். இந்த வேலை குறையப் போவதில்லை. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பிலேயே நாட்டில் 60 தாண்டியவர்கள் 12.4 வீதம், அதற்குப் பிறகு இன்னும் கூடியிருக்கிறார்கள்.

கடைசியாக அந்த மகள். அடுத்த வியாழன் கிளினிக்குக்கு வருவார் என்றால், நீங்கள் போங்கள். முதலில் அம்மாவிடம். அவருக்கு உங்களை ஞாபகம் இருக்காது, பேரைச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து, மணிக்கட்டைத் தொட அவர் விட்டால் தொடுங்கள். பிறகு மகளிடம், “அண்டைக்கு அம்மாட கையைக் கட்டினது நான்தான், எனக்குத் தெரியாமப் போச்சு, மன்னிச்சுக்கொள்ளுங்க” என்று சொல்லுங்கள். ஆள் இல்லை, வேலை கூட என்று காரணம் ஒன்றும் சேர்க்காதீர்கள். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். கோபப்படாவிட்டால், கையில் அந்த வெறும் தாளைக் கொண்டுபோயிருப்பீர்கள் அல்லவா, அதைக் கொடுங்கள். உங்கள் வாட்டின் முதல் தாளை அவர் நிரப்பித் தரட்டும். கொட்டிலைப் பற்றி அவரே எழுதுவார்.